பிறக்காத பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டவர்கள்

உங்கள் மூத்தவாப்பாவின் வாப்பாவுக்கு என்ன பெயர்? அவரைப் பெற்ற தாயின் பெயர் என்ன? நம்மில் அநேகருக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாது. இரண்டு தலைமுறைக்கு அப்பால் எல்லாம் மங்கிப் போய்விடுகிறது. ஆனால் பெயர் தெரியாத அந்த மனிதர்கள் வெட்டிய கிணற்றில் நாம் தண்ணீர் அள்ளியிருக்கிறோம். அவர்கள் நட்ட பலாவில் நாம் பழம் பறித்திருக்கிறோம். அவர்கள் நம்மைக் கண்டதில்லை. நாம் பிறப்போம் என்ற உறுதிகூட அவர்களுக்கு இருக்கவில்லை. இருந்தும் நட்டார்கள்.

நாமும் ஒரு நாள் அப்படிப் பெயர் மறந்துபோன முன்னோர்களாகத்தான் ஆகப் போகிறோம். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் காலத்தில் யுத்தம் வந்தால் ஓர் ஊர் அழியும். கொள்ளைநோய் வந்தால் ஒரு நாடு பாதி வெறுமையாகும். மனித இனத்தையே இல்லாமற் செய்யும் வல்லமை எவரிடமும் இருக்கவில்லை. 1945ஆம் ஆண்டு ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் மீது அணுகுண்டுகள் போடப்பட்டபோது அந்த நிலை மாறத் தொடங்கியது. "நமக்குப் பிறகு எவருமே இல்லாமற் போகலாமா?" என்ற கேள்வியை மனிதன் தன் கையில் உள்ள கருவிகளைப் பார்த்துக் கேட்க வேண்டிய காலம் வந்தது.

இந்த ஆபத்தைத் தடுப்பதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஊர்வலம் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உந்தித் தள்ளியது எது? எல்லோரும் ஒரே காரணத்துக்காகவா உழைத்தார்கள்? இல்லை. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவற்றுள் எது உங்கள் உள்ளத்தைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே வாசியுங்கள்.

பால் பற்களை அனுப்பிய தாய்மார்

நம் ஊர்ப் பிள்ளைகள் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப் பல் கேட்பார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் தலையணைக்குக் கீழே வைப்பார்கள். ஆனால் 1958ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சென் லூயிஸ் நகரத்துத் தாய்மார் தம் பிள்ளைகளின் விழுந்த பற்களை ஒரு காகித அட்டையோடு தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளை பிறந்த திகதி, கர்ப்பமாக இருந்தபோது தாய் வாழ்ந்த இடம், தாய்ப்பாலா புட்டிப்பாலா என்ற விபரங்கள் அந்த அட்டையில் எழுதப்பட்டன. பல் கொடுத்த பிள்ளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் பரிசாக வந்தது.

எதற்காக இந்த ஏற்பாடு? அக்காலத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரித்தானியாவும் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்து வந்தன. அந்த வெடிப்பில் பிறக்கும் கதிர்வீச்சுப் பொருட்களுள் ஸ்ட்ரோன்டியம்-90 என்பதும் ஒன்று. அது காற்றில் பறந்து, மழையோடு இறங்கி, புல்லில் படிகிறது. புல்லைப் பசு மேய்கிறது. பசுவின் பாலைப் பிள்ளை குடிக்கிறது. ஸ்ட்ரோன்டியத்தின் குணம் கல்சியத்தின் குணத்தைப் போன்றதாகையால், பிள்ளையின் உடல் அதனைக் கல்சியம் என்று எண்ணி எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்கிறது.

வைத்தியர் லூயிஸ் ரைஸ் என்ற பெண்மணி இந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். முதல் முடிவுகள் 1961ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியாயின. குண்டுப் பரிசோதனைகள் பெருகப் பெருக, பிறந்த பிள்ளைகளின் பற்களில் ஸ்ட்ரோன்டியமும் பெருகியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் முதலாம் திகதி அமெரிக்காவின் பல நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சமையலறையை விட்டு வீதிக்கு வந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் அரசியல் பேசிப் பழகாத சாதாரண இல்லத்தரசிகள். 1963 ஓகஸ்ட் 5ஆம் திகதி மொஸ்கோவில் மூன்று வல்லரசுகளும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுப் பரிசோதனை நடத்துவதில்லை என்பதே அந்த உடன்படிக்கை. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் தாய்மாரின் குரலும் ஒன்று.

அந்தத் தாய்மாரின் நோக்கம் மிகத் தெளிவானது. "என் பிள்ளையின் எலும்புக்குள் நஞ்சு போகக் கூடாது." இதைவிட வலிமையான நோக்கம் ஒன்று உலகில் உண்டா?

ஆனால் இதன் எல்லையையும் நாம் பார்க்க வேண்டும். உடன்படிக்கைக்குப் பிறகு பரிசோதனைகள் நிலத்துக்குக் கீழே போயின. பால் மீண்டும் சுத்தமாயிற்று. வீட்டிலிருந்த அச்சம் தணிந்தது. ஆயுதங்களோ தணியவில்லை. 1963ஆம் ஆண்டில் உலகிலிருந்த அணுக்குண்டுகளின் தொகை 1986ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய இரு மடங்காகி 70,000ஐ எட்டியது. தன் பிள்ளை மீதுள்ள பாசம் மனிதனை உடனே எழுப்பிவிடுகிறது. ஆனால் தன் பிள்ளை தப்பிவிட்டது என்று தெரிந்ததும் அதே பாசம் அவனைத் தூங்கவும் வைத்துவிடுகிறது.

செய்தவனின் மனச்சாட்சி

இரண்டாவது வகையினர், தாம் உருவாக்கியதைக் கண்டு தாமே நடுங்கியவர்கள்.

ஜோசப் ரொட்பிளாட் 1908ஆம் ஆண்டு போலந்தின் வார்சோ நகரில் பிறந்த பௌதிக விஞ்ஞானி. 1939ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு வந்தார். சுகவீனமுற்றிருந்த மனைவியைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று விட்டு வந்தார். அதற்குள் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்துவிட்டன. மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. யூதர்கள் மீது நடத்தப்பட்ட இனப்படுகொலையில் அவரும் பலியானார்.

ஹிட்லரின் கையில் அணுகுண்டு கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தினால் ரொட்பிளாட் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். 1944ஆம் ஆண்டின் இறுதியில், ஜேர்மனியிடம் குண்டு இல்லை, அதனால் அதைச் செய்யவும் முடியாது என்பது தெளிவாயிற்று. அப்படியானால் இனி இந்த வேலை எதற்கு? அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மனச்சாட்சியின் காரணமாக அத்திட்டத்தை இடைநடுவில் விட்டு வெளியேறிய விஞ்ஞானி என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. பின்னர் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் நோய் தீர்க்கும் கதிரியக்க ஆய்வுக்குத் தம் அறிவைத் திருப்பினார்.

1955ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி தத்துவஞானி பேட்ரண்ட் ரஸல் லண்டனில் ஓர் அறிக்கையை வெளியிட்டார். பதினொரு அறிஞர்கள் அதில் ஒப்பமிட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் அல்பேர்ட் ஐன்ஸ்டீன். அவர் மரணிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் இட்ட ஒப்பம் அது. இன்னொருவர் ரொட்பிளாட். எந்த நாட்டவராகவும் எந்தக் கொள்கையினராகவும் அன்றி, தொடர்ந்து வாழ்வதே சந்தேகத்துக்குரியதாகிவிட்ட ஓர் இனத்தின் அங்கத்தவர்களாகத் தாம் பேசுவதாக அவர்கள் கூறினார்கள். 1957ஆம் ஆண்டு கனடாவின் பக்வாஷ் என்னும் சிறிய மீன்பிடிக் கிராமத்தில் இரு தரப்பு நாடுகளின் விஞ்ஞானிகளும் கூடினார்கள். அன்று வந்தவர்கள் 22 பேர். அந்த இயக்கத்துக்கும் ரொட்பிளாட்டுக்கும் 1995ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதே மனச்சாட்சி நம் காலத்திலும் பேசுகிறது. கணினிகளுக்குச் சிந்திக்கக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ஜெஃப்ரி ஹின்டன். 2023 மே மாதம், தடையின்றிப் பேசுவதற்காக அவர் தாம் வேலை பார்த்த பெரிய கம்பனியிலிருந்து விலகினார். செயற்கை நுண்ணறிவினால் மனித இனம் அழியும் ஆபத்தைத் தடுப்பது, கொள்ளைநோயையும் அணு யுத்தத்தையும் தடுப்பது போன்றே முக்கியமானது என்று கூறும் அறிக்கையில் அதே மாதம் அவரும் கையொப்பமிட்டார். அவர் அஞ்சுவது நடக்குமா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. ஆனால் அச்சத்தைச் சொன்னவர் அந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர் என்பதை நாம் அலட்சியம் செய்ய முடியாது.

தொழிலை ஒழுங்காகச் செய்தவர்கள்

மூன்றாவது நோக்கம் தொழில் தர்மம்.

அமெரிக்க இருதய நோய் வைத்தியரான பேர்னார்ட் லோனும் சோவியத் இருதய நோய் வைத்தியரான எவ்கெனி சாஸோவும் 1980ஆம் ஆண்டு ஒன்றுசேர்ந்து அணு யுத்தத்தைத் தடுப்பதற்கான வைத்தியர் இயக்கத்தை ஆரம்பித்தார்கள். இருவருடைய அரசாங்கங்களும் ஒன்றையொன்று பகைத்திருந்த காலம். அவர்கள் சொன்ன நியாயம் எளிமையானது. ஒரு நகரத்தின் மீது அணுகுண்டு விழுந்தால் வைத்தியசாலையும் எரியும், வைத்தியரும் மடிவார், இரத்த வங்கியும் அழியும். சிகிச்சையே இல்லாத நோய்க்குத் தடுப்பு ஒன்றுதான் மருந்து. 1985ஆம் ஆண்டு இந்த இயக்கத்துக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

1983 செப்டெம்பர் 26ஆம் திகதி நள்ளிரவு கடந்த நேரம். மொஸ்கோவுக்கு அப்பால் ஓர் இரகசிய நிலையத்தில் சோவியத் இராணுவ அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் கடமையில் இருந்தார். அமெரிக்கா ஓர் ஏவுகணையை ஏவிவிட்டதாகச் செய்மதி எச்சரித்தது. சற்று நேரத்தில் இன்னும் நான்கு என்றது. மேலிடத்துக்கு அறிவிப்பது அவருடைய கடமை. உண்மையான தாக்குதல் வெறும் ஐந்து ஏவுகணைகளோடு ஆரம்பிக்காது என்று அவர் சிந்தித்தார். தரையிலுள்ள ரேடார்களும் எதையும் காணவில்லை. இது தவறான எச்சரிக்கை என்றே அவர் அறிவித்தார். அவர் சொன்னதே சரி. மேகங்களின் மீது பட்ட சூரிய ஒளியைச் செய்மதி ஏவுகணை என்று எண்ணிவிட்டது.

பிற்காலத்தில் உலகம் அவரைத் தேடிச் சென்று பாராட்டியபோது, நான் என் வேலையைத்தான் செய்தேன் என்ற பாங்கிலேயே அவர் பேசினார். அந்த இரவில் அவர் மனித இனத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பெரிய தத்துவம் எதையும் எண்ணியிருக்கத் தேவையில்லை. பொய்யான செய்தியை மெய்யென்று மேலே அனுப்பாமல் இருந்தாலே போதும். இயந்திரம் கூவியதும் பதறாமல், தன் அறிவைப் பாவித்த ஒரு மனிதன். அவ்வளவுதான்.

பசியோடு விதையைக் காத்தவர்கள்

நான்காவது நோக்கத்தைக் காண நாம் லெனின்கிராட் நகருக்குப் போக வேண்டும். 1941 செப்டெம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை ஹிட்லரின் படைகள் அந்நகரை முற்றுகையிட்டிருந்தன. இலட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அந்நகரின் மத்தியில், தாவரவியல் அறிஞர் நிக்கொலாய் வவிலோவ் உலகமெங்கும் அலைந்து சேகரித்த விதைகள் ஒரு நிறுவனத்தில் வைக்கப்பட்டிருந்தன. கோதுமை, அரிசி, கடலை, சோளம், உருளைக்கிழங்கு என்று எல்லாம் உண்ணக்கூடியவை.

அங்கு பணியாற்றியவர்கள் அவற்றை உண்ணவில்லை. நெல் வகைகளுக்குப் பொறுப்பாயிருந்த திமித்ரி இவானோவ் பசியால் இறந்தார். அவர் காத்து வைத்த ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. அவரைப் போல இன்னும் பலர் அங்கே இறந்தார்கள். அந்த விதைகளைச் சேகரித்த வவிலோவோ, ஸ்டாலினின் சிறையில் 1943ஆம் ஆண்டு உயிர் துறந்தார்.

இது தன் பிள்ளைப் பாசமா? அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். குற்ற உணர்வா? அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பல தலைமுறை விவசாயிகள் தெரிந்தெடுத்து, காப்பாற்றி, கைமாற்றித் தந்த ஒரு பொருளை நம் கையில் வைத்து முடித்துவிடக் கூடாது என்ற உணர்வு அது. நமக்கு முன்னிருந்தவர்களின் கடனைப் பின்னால் வருபவர்களிடம் தீர்க்கும் உணர்வு. ஓர் அமானிதத்தைச் சுமந்த உணர்வு என்று நாம் சொல்லலாம்.

வானத்தைப் பார்த்தவர்கள்

எல்லா நோக்கமும் இப்படிக் கண்ணீரில் பிறந்ததல்ல. சுவாரசியத்தில் பிறந்ததும் உண்டு.

6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று பூமியில் மோதியதையடுத்து டைனோசர்கள் அழிந்தன. அப்படியொன்று மீண்டும் வரலாம். இலங்கையைத் தம் வீடாக்கிக்கொண்டு 1956 முதல் 2008இல் மறையும்வரை நம்மிடையே வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், விண்கற்களைக் கண்காணிக்கும் ஓர் ஏற்பாட்டைத் தம் 1973ஆம் ஆண்டு நாவலொன்றில் கற்பனை செய்து அதற்கு 'ஸ்பேஸ்கார்ட்' என்று பெயரிட்டார். 1992ஆம் ஆண்டு நாசா நிறுவனத்துக்காக விஞ்ஞானிகள் தயாரித்த அறிக்கை அதே பெயரை எடுத்துக்கொண்டது. 1994ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு வால்வெள்ளியின் துண்டுகள் வியாழன் கிரகத்தில் மோதியதை உலகமே கண்டது. அதன்பின் இது கதையல்ல என்பது அரசாங்கங்களுக்கும் விளங்கியது.

இன்று, ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட விட்டமுள்ள, பூமிக்கு அண்மையில் வரக்கூடிய விண்கற்களிற் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. 2022 செப்டெம்பர் 26ஆம் திகதி நாசா ஒரு விண்கலத்தை வேண்டுமென்றே டைமோர்ஃபஸ் என்னும் சிறு விண்கல்லில் மோதவிட்டது. அக்கல் தன் பெரிய துணைக்கல்லைச் சுற்றிவர எடுக்கும் நேரம் சுமார் அரை மணித்தியாலம் குறைந்தது. ஒரு விண்ணகப் பொருளின் பாதையை மனிதன் திட்டமிட்டு மாற்றியது அதுவே முதல் தடவை. இந்த வேலையைச் செய்தவர்களிற் பலர் சிறுவயதில் வானத்தைப் பார்த்து வியந்தவர்கள். ஆர்வமும் ஒரு நல்ல நோக்கமே. ஆனால் சுவாரசியமில்லாத ஆபத்துக்களை அது கவனிக்காது என்பதை மறக்கக் கூடாது.

வரிக்குதிரையும் மனிதனும்

இவ்வளவு பேர் உழைத்திருக்கிறார்கள். அப்படியானால் மக்கள் அனைவரும் மனித இன அழிவைத் தனிப்பெரும் கேடாக எண்ணுகிறார்களா?

ஒக்ஸ்போர்ட் தத்துவஞானி டெரெக் பார்ஃபிட் 1984ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் ஒரு கேள்வி கேட்டார். மூன்று நிலைகளை எண்ணிப் பாருங்கள். முதலாவது, சமாதானம். இரண்டாவது, உலக மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைக் கொல்லும் யுத்தம். மூன்றாவது, நூறு பேரையும் கொல்லும் யுத்தம். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு பெரிதா, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு பெரிதா?

நீங்களும் சற்று நிறுத்தி விடை சொல்லிப் பாருங்கள்.

பெரும்பாலோர் முதல் வேறுபாடே பெரிது என்பார்கள். பார்ஃபிட்டோ இரண்டாவதே மிகமிகப் பெரிது என்றார். ஏனென்றால் நூற்றுக்கு ஒருவர் மிஞ்சினாலும் மனித வரலாறு மீண்டும் தளிர்க்கும். எவரும் மிஞ்சாவிட்டால் இனி வரவேண்டிய அத்தனை தலைமுறைகளும் இல்லாமற் போகின்றன.

2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் உள்ள சாதாரண மக்களிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது. மனித இனம் அழிவது கெட்டது, அதைத் தடுக்க வேண்டும் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பார்ஃபிட்டைப் போல விடை சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே. அதே கேள்வியை வரிக்குதிரைகளைப் பற்றிக் கேட்டபோது அத்தொகை கூடியது! வரிக்குதிரை என்றதும் இனத்தை நினைத்தார்கள். மனிதன் என்றதும் இறந்துபோகும் ஆட்களின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வேதனையிலேயே மனம் நின்றுவிட்டது. மனிதரின் எதிர்காலம் மிக நல்லதாக அமையும் என்று எண்ணிக்கொள்ளும்படி சொன்னபோது, நான்கில் மூன்று பங்கினர் இன அழிவைத் தனிப்பெரும் கேடு என்றார்கள்.

இதிலிருந்து நாம் ஒன்றை விளங்கிக்கொள்ளலாம். மக்களின் உள்ளம் கல்லாகிவிடவில்லை. இரக்கம் இருக்கிறது. அது கண்முன் தெரியும் முகங்களோடு நின்றுவிடுகிறது. இன்னும் பிறவாதவர்களுக்கு முகம் இல்லை. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவதில்லை. நாம் செய்யும் உதவிக்கு நன்றி சொல்லவும் அவர்களால் முடியாது.

நம் நாட்டவர் இருவர்

அந்த முகமற்றவர்களுக்காகப் பேசியவர்களுள் இலங்கையர் இருவர் உண்டு என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விடயம்.

ஒருவர் நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. 1996 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் அணு ஆயுதங்களின் சட்டபூர்வத்தன்மை பற்றிக் கருத்துக் கூறியது. ஒரு நாட்டின் இருப்புக்கே ஆபத்து வரும் நிலையில் முடிவு சொல்ல நீதிமன்றம் தயங்கியது. வீரமந்திரி உடன்படவில்லை. எந்தச் சந்தர்ப்பத்திலும் அவற்றைப் பாவிப்பது சட்டவிரோதம் என்று நீண்டதொரு மாற்றுத் தீர்ப்பை எழுதினார். பௌத்தம், இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மரபுகள் யுத்தத்துக்கு விதித்த வரம்புகளையும் பின்வரும் தலைமுறைகளின் உரிமைகளையும் அவர் அதில் எடுத்துக்காட்டினார்.

மற்றவர் ஜயந்த தனபால. 1995ஆம் ஆண்டு நியூயோர்க்கில் அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையைக் காலவரையறையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் ஐக்கிய நாடுகள் சபையில் ஆயுதக் களைவுப் பிரிவின் உயர் பொறுப்பை வகித்தார். 2007 முதல் 2017 வரை, ரொட்பிளாட் வளர்த்த அதே பக்வாஷ் இயக்கத்தின் தலைவராகவும் இருந்தார். அணுகுண்டு இல்லாத, வல்லரசும் அல்லாத ஒரு சிறிய நாட்டின் பிள்ளைகள் இவர்கள். 2023ஆம் ஆண்டு இலங்கை, அணு ஆயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இணைந்துகொண்டது.

முடிவு இறைவன் கையில் அல்லவா?

வாசகர்களுள் சிலர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கக் கூடும். உலக முடிவு இறைவன் நிர்ணயித்தது. அதைத் தடுக்க மனிதன் யார்?

நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஒவ்வொருவரின் மரணமும் நிர்ணயிக்கப்பட்டதே. அதற்காகப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் கொண்டுபோகாமல் இருக்கிறோமா? வீதியைக் கடக்கும்போது வாகனம் வருகிறதா என்று பார்க்காமல் இருக்கிறோமா? அந்த நேரத்தை அறிவது நம் வேலையல்ல. அழிவைத் தம் கையால் கொண்டுவருவதற்கு மனிதருக்கு அனுமதியும் இல்லை. உலக முடிவே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட முடியுமானால் நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கன்றின் பழத்தை எவர் உண்பார் என்று அங்கே கேட்கப்படவில்லை. வக்பு செய்த நம் முன்னோர்களும் அப்படிக் கேட்கவில்லை.

எந்த நோக்கம் சிறந்தது?

தாயின் பாசம், விஞ்ஞானியின் மனச்சாட்சி, வைத்தியரின் கடமை, விதை காத்தவரின் அமானிதம், வான ஆய்வாளரின் ஆர்வம், விசுவாசியின் பொறுப்பு என்று பல நோக்கங்களைப் பார்த்தோம். இவற்றுள் ஒன்று மட்டும் போதுமா?

போதாது. பாசம் வேகமானது, ஆனால் தூரம் போகாது. நீதி உணர்வு தூரம் போகும், ஆனால் மெதுவாகவே எழும். அச்சம் மட்டும் இருந்தால் மனிதன் சோர்ந்துவிடுவான். ஆர்வம் மட்டும் இருந்தால் அடுத்த புதினம் வந்ததும் திரும்பிவிடுவான். பாலைப் பற்றி அஞ்சிய தாய்மார் இல்லாவிட்டால் அரசாங்கங்கள் அசைந்திருக்கமாட்டா. பால் சுத்தமான பிறகும் பல பத்தாண்டுகள் சலிக்காமல் பேசிய ரொட்பிளாட்டைப் போன்றவர்கள் இல்லாவிட்டால், 1986இல் 70,000 ஆக இருந்த குண்டுகள் இன்று சுமார் 12,000 ஆகக் குறைவதற்கான பேச்சும் எழுந்திருக்காது. இன்னும் 12,000 இருக்கின்றன என்பதும் உண்மையே.

"அரிசி விலையும் பால்மா விலையும் எங்களுக்குப் போதாதா? இதையும் சுமக்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். சுமக்கச் சொல்லவில்லை. சென் லூயிஸ் நகரத்துத் தாய் தன் சமையலையும் பிள்ளைகளையும் விட்டுவிடவில்லை. ஒரு பல்லை உறையிலிட்டுத் தபாலில் போட்டாள். அவ்வளவே. அப்படிப் போட்டவர்களின் பற்கள் சேர்ந்து சேர்ந்து மூன்று இலட்சத்தைத் தாண்டின.

நம்மாலும் சில காரியங்கள் முடியும். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளையிடம், "நீ எதைச் செய்யக் கற்கிறாய்?" என்று கேட்பதோடு, "எதைச் செய்ய மறுப்பாய்?" என்றும் கேட்கலாம். கையடக்கத் தொலைபேசியில் வரும் பீதிச் செய்தியை ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பாமல் இருக்கலாம். பெத்ரோவ் செய்ததும் அதுதான். நாட்டின் பிரதிநிதிகள் வாக்குக் கேட்டு வரும்போது, நமக்கு என்ன தருவீர்கள் என்பதோடு, நமக்குப் பின் வருவோருக்கு எதை மிச்சம் வைப்பீர்கள் என்றும் கேட்கலாம்.

அவர்கள் நம் பெயரை அறியமாட்டார்கள். நம் மூத்தவாப்பாவின் வாப்பாவின் பெயரை நாம் அறியாதது போலவே. ஆனால் அவர்கள் பிறந்து, நடந்து, பல் முளைத்து, பல் விழுந்து, அணிலிடம் புதுப் பல் கேட்க வேண்டும். அதற்கு இந்தத் தலைமுறை தன் பங்கைச் செய்தாக வேண்டும்.